எங்கள் வீட்டு றூட்டருக்கு வாங்கிய கார்ட்

அஸ்ஸலாமு அலைக்கும் மகன். பையைத் திறந்ததும் லெப்டொப்புக்கு மேலே இந்தத் தாள்கள்தான் உன் கையில் படும். அப்படித்தான் வைத்திருக்கிறேன். முதலில் இதை வாசி. சுவிட்சைப் போட்டாயென்றால் பிறகு வீடு இடிந்து விழுந்தாலும் நீ திரும்பிப் பார்க்க மாட்டாய் என்பது உன்னைப் பெற்றவளுக்குத் தெரியாதா? "ஃபோன்ல சொன்னாப் போதும்தானே" என்று உன் வாப்பா கேட்டார். ஃபோனில் சொன்னால் நான் பாதியில் அழுவேன், நீ "சரி உம்மா, சரி உம்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால் தைக்கக் கிடந்த அபாயாக்களை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, தையல் மெஷினையே மேசையாக்கி எழுதிக்கொண்டிருக்கிறேன். பெருநாள் நெருங்குகிறது, வாடிக்கைக்காரப் பெண்கள் ஏசப் போகிறார்கள். ஏசட்டும்.

நீ கலியாணம் முடித்துப் பாலமுனைக்குப் போனபோது உன் உடுப்புகள் போயின, சப்பாத்துகள் போயின, அந்த நாறிப்போன கிரிக்கெட் தொப்பிகூடப் போனது. லெப்டொப் மட்டும் மேசையில் கிடந்தது. "ஏன் மகன் இதை வெச்சித்துப் போற?" என்று கேட்டேன். "புது மாப்பிள்ளை கேம் அடிக்கிற மெஷினத் தூக்கித்து வந்தா அவங்கட ஆக்கள் என்ன நினைப்பாங்க உம்மா? இஞ்ச கிடக்கட்டும். வெள்ளிக்கிழமைல வருவன்தானே" என்றாய். நீ அதைச் சும்மா சொன்னாய். நான் அதைப் பிடித்துக்கொண்டுதான் அன்றைக்கு அழாமல் உன்னை வழியனுப்பினேன். வந்த சனமெல்லாம், உம்மாக்காரி நல்ல மன உறுதி என்று சொல்லிவிட்டுப் போனது.

நம்முடைய ஊர்களில் பெண் பிள்ளை வீட்டோடு இருப்பாள், ஆண் பிள்ளை மனைவியின் வீட்டுக்குப் போவான். இது எனக்குத் தெரியாத விஷயமா? இந்தச் சாய்ந்தமருது வீடு எனக்கு என் பெற்றோர் கட்டித் தந்தது. உன் வாப்பா மருதமுனையிலிருந்து இங்கே மாப்பிள்ளையாக வந்தவர். என் மூத்த மகள், உன் ராத்தா, அடுத்த வளவில் கட்டின வீட்டில் இருக்கிறாள், அவளுடைய மாப்பிள்ளையும் வந்தவர்தான். யோசித்துப் பார்த்தால் என் ஆயுளில் எல்லாரும் என்னிடம் வந்து சேர்ந்தவர்கள். என்னை விட்டு வேறு வீட்டுக்குப் போன முதல் ஆள் நீதான். ஊர் வழக்கம் என்று வாயால் சொல்வது லேசு. நீ போன பிறகு உன் அறையைக் கூட்டுவதற்குப் போனால் விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுவேன். "என்னகா, அறைய அளக்கிறயா?" என்று வாப்பா பகிடி பண்ணுவார்.

ஆனால் வெள்ளிக்கிழமை இருந்தது. ஜும்ஆ முடிந்து நீயும் ஹஸீனாவும் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குவீர்கள். நாலு வாய் சோறு தின்றுவிட்டு நீ அறைக்குள் போய்விடுவாய். என் மருமகள் என்னோடு இருந்து அபாயாக் கைகளில் கல் பதித்துத் தருவாள். கொஞ்ச நேரத்தில் உன் சத்தம் கிளம்பும். "டேய், பின்னால வாறான்டா! சுடுடா! மடையா, என்னை இல்லடா, அவனை!" கட்டாரில் வேலை செய்கிற உன் கூட்டாளி இக்றாமோடுதான் அந்த யுத்தம் எல்லாம். ஒரு நாள் பக்கத்து வீட்டு மனிசி மதிலுக்கு மேலால் எட்டி, "உங்கட மகன் யாரோட சண்டை புடிக்கிறான்?" என்று கேட்டாள். "சண்டை இல்லகா, என்ட மகன் வந்திருக்கான்" என்றேன். பிறகு நீ சிரிப்பாய். உன் சிரிப்பு இருக்கிறதே, அது கூரை வரைக்கும் போகும். மெஷினை நிறுத்திவிட்டு அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை உன் லெப்டொப்பில் வைஃபையே காணாமல் போனது. மெதுவாகியது என்றால் பரவாயில்லை, அடியோடு காணவில்லை. புளூடூத்தும் கூடவே போனது. நீ அடி மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "வைஃபை கார்ட் செத்துப் பெய்த்து உம்மா. கடல் காத்து தின்னுத்து" என்றாய். ஹோலில் இருக்கிற றூட்டரிலிருந்து வயர் இழுக்கலாம் என்று வாப்பா சொன்னார். அவரே அதில் தடக்கி விழுவார் என்று நீ வேண்டாம் என்றாய். புதுக் கார்ட் போடலாம்தானே என்றதற்கு, "இப்ப அதுக்கெல்லாம் எங்க உம்மா கைல இருக்கு, பிறகு பாப்பம்" என்று சொல்லிவிட்டு அஸர் தொழுகைக்கு முன்பே புறப்பட்டுவிட்டாய். அடுத்த வெள்ளிக்கிழமை வந்தாய், ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தாய், போனாய். அதற்கடுத்து உன் மாமனாரின் வயலில் வேலை என்றாய். அதற்குப் பிறகு உன் ஃபோன் மட்டும் வந்தது. குறை சொல்லவில்லை மகன். புதுக் குடும்பம், வேலை அக்கரைப்பற்றில், ஒரு கிழமையில் கிடைப்பதே ஒரு நாள். ஆனால் என் தலைக்குள் ஒன்று ஏறிக் குந்திவிட்டது. கார்ட்டைப் போட்டால் என் பிள்ளை வருவான்.

உனக்கும் சொல்லாமல் வாப்பாவுக்கும் சொல்லாமல் லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு கல்முனை பஸாருக்குப் போனேன். கொம்பியூட்டர் கடை நௌபரைத் தெரியும்தானே, அவருடைய மனைவிக்கு நான்தான் அபாயா தைக்கிறது. வெளியில் குத்துகிற சின்னக் குச்சி ஒன்றைக் காட்டி, மலிவாக இருக்கிறதே, இது போதாதா என்று கேட்டேன். "ஃபோட்டோ பாக்கிறதுக்கெண்டா போதும் ராத்தா. கேம் அடிக்கிற ஆக்களுக்கு இது சரிவராது, இடைக்கிட இழுக்கும். கேமுக்கு வேகம் பெரிசில்ல, தடக்காம வாறதுதான் பெரிசு. உள்ள போடுற கார்ட்தான் நல்லம்" என்றார். கண்ணாடிக்கு மேலே சில கார்டுகளைப் பரப்பினார். ஒவ்வொன்றும் தீப்பெட்டியை விடச் சின்னது. இதுக்கா இந்தப் பாடு என்று எனக்குச் சிரிப்பு வந்தது. நான் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, அவர் மூடியைக் கழற்றி வைத்திருந்த லெப்டொப்பில் உன் பழைய கார்ட்டை அளந்தேன், அங்கே கிடந்ததில் மலிவானதை அளந்தேன். இரண்டும் ஒரே அளவு. "இதைத் தாங்க" என்றேன். நௌபர் அதைப் பறித்துவிட்டார். "அளவு சரி ராத்தா, ஆனா இது இன்டெல் மெஷினுக்கு மட்டும் எண்டு செஞ்சது. உங்கட மகன்ட ஏஎம்டி. குத்தினா உள்ள போகும், ஆனா வேலை செய்யாது." பார்வைக்கு ஒரே மாதிரி இருந்துகொண்டு இப்படியும் ஒரு மோசடியா என்று கேட்டேன். மோசடி இல்லை, கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான் என்றார்.

மிச்சமிருந்ததில் ஐந்தாம் தலைமுறை என்று ஒன்று, ஆறு என்று ஒன்று, இப்போது வந்திருக்கிற ஏழு என்று ஒன்று. ஏழின் விலையைக் கேட்டதும் கையை எடுத்துவிட்டேன். ஆறு நடு விலை. என் கையில் இருந்ததோ இரண்டு அபாயா தைத்த கூலி. எதை எடுக்க என்று தடுமாறிக்கொண்டு நின்றபோது நௌபர், "வீட்டில என்ன றூட்டர்?" என்று கேட்டார். ஃபோனில் படம் எடுத்து வைத்திருந்தேன், காட்டினேன். "இது பழசு. கார்ட் எவ்வளவு பெரிசா இருந்தாலும் றூட்டர் குடுக்கிறதத்தான் வாங்கும். இந்த றூட்டருக்கு ஆறு போட்டாலும் அஞ்சின்ட வேலைதான் நடக்கும், காசை வீணாக்க வேணாம். மகன் எங்க வெச்சிப் பாவிக்கிற?" என்றார். "எங்கட வீட்டிலதான், வேற எங்க?" என்றேன். கண்ணை மூடித் திறக்கிற நேரம்கூட யோசிக்கவில்லை. நானே கலியாணம் பேசி, நானே பெண் பார்த்து, நானே வழியனுப்பிவிட்டு வந்த பிள்ளைக்கு எங்கள் வீட்டு றூட்டருக்குப் பொருத்தமாகக் கார்ட் வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறேன். அந்த நேரம் அது எனக்கு உறைக்கவில்லை. நௌபர் பழையதைக் கழற்றி, ஐந்தைப் போட்டு, இரண்டு மெல்லிய வயர்களின் தலையையும் பிரஸ் பட்டன் பூட்டுகிற மாதிரி அமத்தினார். வீட்டுக்கு வந்து சுவிட்சைப் போட்டால் எங்கள் வீட்டு வைஃபை பெயர் முதலாவதாக வந்து நின்றது. சந்தோசத்தில் உன் ராத்தாவைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். அவள் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று மாவுக் கையோடு ஓடி வந்தாள்.

இந்தச் செய்தியை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அதற்காகத்தான் அன்றைக்கு நானும் வாப்பாவும் சொல்லாமல் கொள்ளாமல் பாலமுனைக்கு வந்தோம். நீ ஹோலில் கதிரையின் நுனியில் குந்தியிருந்தாய். இஸ்திரி போட்ட சாரன், கழுத்து வரைக்கும் பூட்டிய சேர்ட். வீட்டுக்குள் இருக்கிற ஆள் மாதிரியே இல்லை, எங்கேயோ நிக்காஹ்வுக்குப் போகக் காத்திருக்கிற ஆள் மாதிரி இருந்தாய். உன் மாமியார் தங்கமான மனிசி, குறை சொல்ல ஒன்றுமில்லை. உனக்குத் தனியாகத் தட்டத்தில் வைத்து டீ வந்தது. நானும் அவர்களுக்கு முன்னால் மரியாதை பிசகக் கூடாது என்று, "எப்பிடி இருக்கிறீங்க மகன்?" என்று கேட்டேன். பெற்ற பிள்ளையை 'நீங்க' போட்டுக் கூப்பிட்டதும் உன் முகம் ஒரு மாதிரிப் போனதைப் பார்த்தேன். "நல்லா இருக்கன் உம்மா" என்று மெதுவாகச் சொன்னாய். டீவியில் என்னவோ பகிடி போனது, எல்லாரும் சிரித்தார்கள். நீ வாயைத் திறக்காமல் சிரித்தாய்.

குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் ஹஸீனா என் கையைப் பிடித்தாள். "மாமி, ஒண்டு கேக்கட்டா? கோவிக்கப் போடாது."

"கேளு புள்ள."

"அவர்ர லெப்டொப்பை இஞ்ச அனுப்பி விடுங்களன். நான் கேட்டா வேணாம் எண்டுறார், வெக்கப்படுறார். மேல் அறை எங்களுக்குத்தானே, யாரும் வரமாட்டாங்க. உங்கட வீட்டில அவர் கத்திச் சிரிக்கிறதக் கேட்டிருக்கன் மாமி. இஞ்ச வந்து அப்பிடி ஒரு நாளும் சிரிச்சதில்ல. என்னோட இருக்கப் பிடிக்கல்லியோ எண்டு பயமா இருக்கு."

அவளுடைய கண் கலங்கியிருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது இன்னும் சரிவரல்ல புள்ள" என்றேன். வெளியே வந்தபோது நீயும் கேட்டாய், "லெப்டொப்பை யாருக்கும் காட்டினீங்களா உம்மா?" என்று. "இல்ல மகன்" என்றேன். எதற்கு வந்தேனோ அதையே பொய்யாக்கிவிட்டுத் திரும்பினேன். பொறாமை, வேறென்ன. என்னிடம் இருந்த கடைசிச் சாமானையும் அந்தப் பிள்ளை கேட்கிறாளே என்று கொதித்தது. அது உன் சாமான் என்பதுகூட அந்த நேரம் மறந்துபோனது. ஒலுவில், நிந்தவூர், காரைதீவு என்று ஊர் ஊராகத் தாண்டி வீடு வந்து சேர்ந்தோம்.

அடுத்த நாள் காலையில் அவர் வரிப்பத்தான்சேனை வயலுக்குப் போகப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். பிளேன்டீயைக் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தார். "என்ட கெரம் போட் ஞாவகம் இருக்கா?" என்றார். எப்படி மறக்கும்? கலியாணம் முடித்த புதிதில் அவர் வெள்ளிக்கிழமை என்றால் மருதமுனைக்கு ஓடிவிடுவார். அவருடைய உம்மா வீட்டில் ஒரு கெரம் போட் இருந்தது, சகோதரர்களோடு காய் சுண்டி விளையாடத்தான் அந்த ஓட்டம். நான் இந்த வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருப்பேன். "இஞ்ச நீ நல்லாத்தான் பாத்த. ஆனா நான் கனகாலம் விருந்தாளி மாதிரித்தான் இருந்தன். சத்தமாத் தும்மக்கூட யோசிப்பன்" என்றார். இத்தனை காலம் குடும்பம் நடத்தியும் இதை எனக்கு அவர் சொன்னதே இல்லை. அப்போது நான் கேட்டேன், "இஞ்சருங்க, உங்கட உம்மா அந்த போட்டை இஞ்ச அனுப்பி விட்டிருந்தா, நீங்க பிறகும் வெள்ளிக்கிழமைல அங்க போயிருப்பீங்களா?" அவர் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நன்றாக யோசித்தார். "தெரியாதுகா. அவ அனுப்பல்லியே" என்றார். போயிருப்பேன் என்று ஒரு பொய் சொன்னால் என்ன குறைந்துவிடும் இந்த மனிசனுக்கு? எனக்கு ஏறின கோபத்தில் அன்றைக்கு அவருக்குச் சோறு கட்டிக்கூடக் கொடுக்கவில்லை.

ஆனால் சும்மா இருக்க முடியவில்லை. மெஷினுக்கு முன்னால் குந்தினால் ஊசி ஓடவில்லை. உன் மூடிய வாய்ச் சிரிப்புத்தான் கண்ணுக்குள் நின்றது. நான் இங்கே வெள்ளிக்கிழமை ஒரு நாள் உன் சத்தத்தைக் கேட்க ஆசைப்பட்டு, மற்ற எல்லா நாளும் நீ கதிரை நுனியில் குந்தியிருக்கிறதா? அந்தப் பிள்ளை தன்னைப் பிடிக்கவில்லையோ என்று பயந்துகொண்டிருக்கிறதா? ஹஸீனாவுக்கு ஃபோன் எடுத்தேன். "புள்ள, உங்கட றூட்டரை நாலு பக்கமும் படம் எடுத்து அனுப்பு" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை, ஆனால் அனுப்பினாள். அதைக் கொண்டு திரும்பவும் நௌபரிடம் போனேன். "நல்லா வேலை செய்ற கார்ட்டை ஏன் ராத்தா மாத்துறீங்க?" என்று கேட்டார். "என்ட மகன் இருக்கிற வீட்டுக்குக் கேக்கிறன்" என்றேன்.

அவர்களுடையது புது றூட்டர், ஆறு. வீட்டில் ஆட்களும் அதிகம், எல்லார் கையிலும் ஃபோன், சுற்றிவர வீடுகள். அப்படிப்பட்ட இடத்துக்கு ஆறு போட்டால்தான் பிரயோசனம், ஏழு அங்கேயும் வீண் என்று நௌபர் சொன்னார். ஐந்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஆறைப் போட்டுத் தந்தார், மேலதிகத்துக்கு அவருடைய மனைவிக்குப் பெருநாள் அபாயா தைத்துக் கொடுப்பதாகப் பேச்சு. மெஷினை முதல் தடவை போட்டதும் ட்ரைவர் ஒன்று புதுப்பிக்கச் சொல்லிக் கேட்குமாம், செய்துவிடு. வைஃபை பட்டியலில் ஐந்து கிகாஹேர்ட்ஸ் என்று வருகிற பெயரோடு சேர், மற்றதோடு சேர்ந்தால் கேம் தடக்கும். இன்னொன்று. உங்கள் வீட்டில் றூட்டரை ஷோகேசுக்குள் பீங்கான் கோப்பைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார்கள். அங்கே இருந்தால் மேல் அறைக்கு என்ன கார்ட் போட்டும் சிக்னல் வராது. மாப்பிள்ளை என்று வாயை மூடிக்கொண்டு இருக்காதே. "மாமி, இதைப் படிக்கட்டுக்குக் கிட்ட மாத்தி வைக்கட்டா?" என்று வாயைத் திறந்து கேள். அவர்கள் ஒன்றும் கடித்துத் தின்ன மாட்டார்கள். ஒன்றைக் கேட்டுப் பழகினால்தான் அது உன் வீடு. அது உன் வீடுதான் மகன், நான் சொல்கிறேன். வாப்பாவைப் போலத் தும்முவதற்கு யோசித்துக்கொண்டு காலத்தை ஓட்டாதே. ஹஸீனாவுக்கும் அந்த விளையாட்டைச் சொல்லிக் கொடு, பழக ஆசை என்று ஃபோனில் சொன்னாள். அவள் பிழையாகச் சுட்டால் இக்றாமுக்கு ஏசுகிற மாதிரி ஏசிவிடாதே. ஏசினாலும் உடனே சிரித்துவிடு.

நாளைக்கு வாப்பா இதைக் கொண்டுவந்து தருவார். உன் அறையில் இப்போது ஒரு கட்டிலும் வெறும் மேசையும்தான் இருக்கின்றன. இத்தனை நாளும் நீ வாசலில் செருப்பைக் கழற்றும்போதெல்லாம், இவன் என்னைப் பார்க்க வருகிறானா, மெஷினைப் பார்க்க வருகிறானா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் நான் விரும்பவில்லை, நீ வந்தால் போதும் என்று இருந்தேன். இனி இந்த வீட்டுக்கு வர எங்களைத் தவிர உனக்கு ஒரு காரணமும் இல்லை. பயமாகத்தான் இருக்கிறது. அல்லாஹ் உங்கள் இரண்டு பேரையும் சிரிக்க வைக்கட்டும் என்பதோடு இதை முடித்துவிட வேண்டும், வெள்ளிக்கிழமை வருவாயா என்று மட்டும் எழுதவே கூடாது என்றுதான் பேனையை எடுத்தேன்.

வருவாயா மகன்?

உன் உம்மா